ஒரு புத்தகம் முழுக்கவா, ஒரே குழம்பு பல புத்தகத்திலா?

சமையல் புத்தகம் சேர நாம் ஒன்றும் மெனக்கெட வேண்டாம். கல்யாணத்துக்கு யாராவது ஒன்று கொடுப்பார்கள், புத்தகக் கண்காட்சியில் ஒன்று கைக்கு வரும், மகளிர் பத்திரிகைகளின் ‘30 வகை’ இணைப்புகள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய பக்கங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அலமாரி முழுக்கத் தேடினாலும் இருபது முப்பது தேறினால் பெரிது.

சரி, இந்த வருஷமாவது இவற்றிலிருந்து உருப்படியாகச் சமைத்துப் பார்ப்போம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அவர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வரிசையாகச் செய்வது ஒன்று. ஒரே பதார்த்தத்தை எடுத்துக்கொண்டு, கையில் உள்ள எல்லாப் புத்தகங்களிலும் அது எப்படி இருக்கிறதோ அப்படியெல்லாம் செய்து பார்ப்பது இன்னொன்று. கூடையில் இன்றைக்கு என்ன காய் இருக்கிறதோ அதற்கேற்ப எந்தப் புத்தகத்தையாவது பிரிப்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஆனால் எல்லோருக்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன். சில பண்டங்களுக்கு அது சரிப்படவே படாது.

முதல் வழியில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, மறுக்க முடியாது. நியூயார்க்கில் ஜூலி பவல் என்ற பெண் 2002-இல் இதைத்தான் செய்தார். ஜூலியா சைல்டும் அவருடைய தோழிகள் இருவரும் எழுதி 1961-இல் வெளிவந்த பிரெஞ்சு சமையல் புத்தகம் ஒன்றின் 524 குறிப்புகளையும் ஒரே வருடத்தில் சமைத்து முடிப்பது என்று கிளம்பினார். வேலைக்குப் போய்விட்டு வந்து, சின்ன அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில். பிறகு அது புத்தகமாயிற்று, சினிமாவாயிற்று.

நூலைப் பிசகாமல் பின்பற்றிச் சமைப்பது நமக்கும் ஒன்றும் புதிதில்லை. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற குறுநில மன்னன் பாணர்களுக்குச் சோறு போடுகிறான். அந்தச் சோறு எப்பேர்ப்பட்டது என்று சொல்ல வந்த புலவர், அருச்சுனனின் அண்ணனான பீமன் செய்த சமையல் நூலிலிருந்து வழுவாமல் ஆக்கியது என்கிறார். விருந்தின் பெருமையே புத்தகத்தில் உள்ளபடி செய்ததில்தான் இருக்கிறது, பாருங்கள். ‘நாங்களெல்லாம் கண்ணளவு, கையளவுதான், புத்தகம் பார்த்துச் சமைக்கிற வழக்கமே நமக்குக் கிடையாது’ என்று யாராவது பெருமை பேசினால் எடுத்துக் காட்டலாம்.

ஒரே ஆசிரியரோடு சில வாரம் இருந்தால் அவருடைய கை நமக்குப் பிடிபடும். இவர் ‘ஒரு கொதி’ என்றால் எவ்வளவு நேரம், ‘சிவக்க வறுத்து’ என்றால் எந்தச் சிவப்பு, இவர் வீட்டில் காரம் தூக்கலா, புளி தூக்கலா என்பதெல்லாம் எங்கும் எழுதியிருக்காது. நாலைந்து குழம்பு வைத்த பிறகுதான் தெரியும். அப்புறம் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் கை தானாகத் திருத்திக்கொள்ளும். இந்த ஒரு லாபம் மற்ற இரண்டு வழிகளிலும் கிடைக்காது.

ஆனால் நம்மூர்ப் புத்தகம் வரிசையாகச் சமைப்பதற்காக எழுதப்பட்டதல்ல. சாம்பார் என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதில் முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய் சாம்பார், சின்ன வெங்காய சாம்பார் என்று போய்க்கொண்டே இருக்கும். காய் மாறும், மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வரிசைப்படி போனால் ஒரு மாதம் சாம்பாரிலேயே கழியும். வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொண்டாலும் பருவம் பொறுத்துக்கொள்ளாது. மாவடு மாசி பங்குனியில்தான் கிடைக்கும். வேப்பம்பூ அதையொட்டிச் சித்திரை வரை. வடாம் பிழிய வெயில் வேண்டும். நெல்லிக்காய்க்கும் மாகாளிக்கிழங்குக்கும் குளிர்காலம். ஊறுகாய் அத்தியாயம் கார்த்திகை மழையில் வந்து நின்றால் என்ன செய்வது? ஆக, வரிசை என்பது பேருக்குத்தான். கடைசியில் காலண்டரைப் பார்த்துத்தான் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

பழைய புத்தகமாக இருந்தால் அளவு ஒரு பெரிய விஷயம். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதன்முதலில் 1951-இல் வந்தது. வெளிநாட்டுக்குக் குடித்தனம் வைக்கப் போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்த புத்தகம் அது. நம் நாட்டில் கிலோவும் கிராமும் 1958-இல்தான் சந்தைக்கு வர ஆரம்பித்தன. அதற்கு முந்தைய சமையல் குறிப்பு என்றால் படி, ஆழாக்கு, பலம், வீசை, ரூபாய் எடை இவைதான் புழக்கம். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1.4 கிலோ. ரூபாய் எடை பதினொன்றரை கிராம் சொச்சம். எடைக் கணக்கு இப்படிச் சுலபமாக மாறிவிடும். முகத்தலளவைதான் கொஞ்சம் படுத்தும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு.

அதற்கு நான் கண்ட வழி, ஆழாக்கை மில்லிலிட்டருக்கு மாற்றும் வேலையையே விட்டுவிடுவது. வீட்டில் உள்ள ஒரு டம்ளரை ஆழாக்கு என்று வைத்துக்கொண்டு, அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அதே டம்ளரால் அளந்தால் விகிதம் மாறாது. சமையலில் முக்கால்வாசி காரியம் விகிதம்தான். எடையில் சொன்ன சாமான்களுக்கு மட்டும் தராசு. நானூறு ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். இன்னொரு புத்தகம் வாங்கும் காசை இதில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அளவு மாறாவிட்டாலும் பொருள் மாறியிருக்கிறது. பழைய குறிப்பில் உப்பு என்றால் கல்லுப்பு. அதே கரண்டியால் தூளுப்பை அள்ளிப் போட்டால் எடை கூடிவிடும், கரிக்கும். சுண்டைக்காய் அளவு பெருங்காயம் என்றால் கட்டிப் பெருங்காயம். இன்றைக்கு டப்பாவில் வருகிற தூளில் மாவும் கோந்தும் கலந்திருக்கும், அளவை நிதானித்துத்தான் போட வேண்டும். எட்டு மிளகாய் என்றால் எந்த எட்டு? ராமநாதபுரத்து முண்டு மிளகாய் வேறு, நீட்டு மிளகாய் வேறு, கர்நாடகத்துப் பியாட்கி மிளகாய் நிறம் கொடுக்குமே ஒழிய அவ்வளவாகக் காரம் கொடுக்காது. புளி இன்னும் மோசம். எலுமிச்சையளவு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என் தராசில் அது 25 முதல் 30 கிராம் வரை வரும். மாசி பங்குனியில் வரும் புதுப்புளிக்கும் ஒரு வருஷம் பானையில் கிடந்து கறுத்த பழைய புளிக்கும் நிறத்திலும் ருசியிலும் வித்தியாசம் உண்டு. ஆசிரியர் மனதில் இருந்தது எது என்பது ஒரு முறை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

இப்போது இரண்டாவது வழிக்கு வருகிறேன். இதற்குப் பதார்த்தத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. செலவு அதிகம் பிடிக்கக் கூடாது, அரை மணியில் முடிய வேண்டும், எல்லாப் புத்தகத்திலும் இருக்க வேண்டும், அதே சமயம் புத்தகத்துக்குப் புத்தகம் நன்றாக வேறுபட வேண்டும். நான் எடுத்துக்கொண்டது மோர்க்குழம்பு.

மோர்க்குழம்பின் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். புளித்த மோரைச் சூடாக்கினால் அது திரியும். தயிரில் ஏற்கெனவே உறைந்திருக்கும் பால் புரதம் சூட்டில் மேலும் இறுகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டு மணல் மணலாக நிற்கும். குழம்பு தனி, தண்ணீர் தனி. இதைத் தடுப்பதற்கு ஒவ்வொரு ஊரும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. புத்தகங்களை வரிசையாக மேஜையில் விரித்து வைத்தால் அது பளிச்சென்று தெரிகிறது.

நம்மூர் ஐயர் வீட்டுப் பாணிப் புத்தகத்தில் துவரம்பருப்பையும் தனியாவையும் ஊற வைத்து, பச்சை மிளகாய், இஞ்சி, சீரகம், தேங்காயோடு அரைத்துக் கலக்கச் சொல்லியிருக்கும். கர்நாடகத்து மஜ்ஜிகே ஹுளி ஏறக்குறைய இதன் உடன்பிறப்பு. அங்கே கடலைப்பருப்பு ஊறும், தேங்காய் கொஞ்சம் தாராளமாக விழும். ஆந்திரத்து மஜ்ஜிக புலுசிலும் பெரும்பாலும் கடலைப்பருப்போ கடலை மாவோ இருக்கும். கேரளப் புத்தகத்தைத் திறந்தால் பருப்பையே காணோம். புளிசேரிக்குத் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள், அவ்வளவுதான். தாளிக்கத் தேங்காய் எண்ணெயில் கடுகும் வெந்தயமும். ‘கடி’ என்கிற குஜராத்தி மோர்க்குழம்பில் தேங்காயைக் காணோம். வெறும் கடலை மாவு, கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ, தாளிப்பில் பட்டை கிராம்பு.

இதில் சுவையான இடம் கொதியைப் பற்றி அவை சொல்வது. கேரளக் குறிப்பு கொதிக்கவே விடாதே என்கிறது. தீயைக் குறைத்து வைத்துக் கிளறிக்கொண்டே இருந்து, ஓரத்தில் நுரை கூடி ஆவி கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். நம்மூர்ப் புத்தகம் பொங்கி வரும்போது இறக்கச் சொல்கிறது. கடிக்கோ நன்றாகக் கொதிக்க வேண்டும். பஞ்சாபில் பக்கோடா போட்டு வைக்கிற கடியை மணிக்கணக்கில் அடுப்பில் விடுகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துச் சமைத்தவர் ‘மோர்க்குழம்பு கொதிக்கக் கூடாது’ என்பதை ஒரு சட்டமாக எடுத்துக்கொண்டிருப்பார். நாலு புத்தகத்தைச் சேர்த்துப் பார்த்தால் அது மாவைப் பொறுத்த விஷயம் என்று புரிந்துவிடும். கடலை மாவின் ஸ்டார்ச் சூட்டில் உப்பிக் குழம்பைக் கெட்டியாக்கி, பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் பார்த்துக்கொள்கிறது. மாவு எவ்வளவு உண்டோ அவ்வளவு கொதி தாங்கும். ஊறிய பருப்பை அரைத்து விட்டது நடுவில் நிற்கிறது. வெறும் தேங்காய் விழுது மட்டும் என்றால் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இது புரிந்த பிறகு எந்தப் புத்தகமும் இல்லாமலே மோர்க்குழம்பு வைக்கலாம். பருப்பு ஊற வைக்க மறந்த நாளில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடலாம். மாவு போட்டதால் கொஞ்சம் கூடுதல் கொதி தாங்கும் என்பதும் தெரியும், பயமில்லை. இன்னொன்றும் பிடிபட்டது. எல்லாப் புத்தகமுமே வெண்பூசணியைத் தனியாக வேகவைத்துக்கொள் என்று ஒரே குரலில் சொல்கின்றன. காரணம் எங்கும் எழுதவில்லை. புளிப்பில் காய் வேகாது, அதுதான் காரணம். புளித்தண்ணீரில் போட்ட துவரம்பருப்பு எவ்வளவு நேரமானாலும் குழையாமல் நிற்குமே, அதே கதை. புத்தகங்கள் எல்லாம் ஒத்துப்போகிற இடத்தில் நாம் கைவைக்கக் கூடாது, முட்டிக்கொள்கிற இடத்தில்தான் நமக்குச் சுதந்திரம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழியின் கஷ்டம் சமைக்கிறவருக்கு இல்லை, சாப்பிடுகிறவருக்குத்தான். “நேத்தும் மோர்க்குழம்புதானேப்பா?” என்றார் அம்மா, தட்டைப் பார்த்தபடியே. நேற்றையது கன்னடக் குழம்பு, இன்றையது மலையாளக் குழம்பு என்று நான் விளக்க ஆரம்பித்ததும், “ரெண்டுக்கும் நான் ரசம் விட்டுக்கறேன்” என்று முடித்துவிட்டார். வாரத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டால் வீட்டில் எதிர்ப்பு குறையும், ஆனால் ருசி நாக்கில் மறந்துவிடும். நான் இப்போது செய்வது, ஒரே நாளில் அரை டம்ளர் மோரில் இரண்டு சின்னக் கிண்ணமாக இரண்டு புத்தகத்தின் குழம்பு வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டுக்கும் அதே தயிர், அதே உப்பு. இப்படி வைக்கும்போது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துவிடக் கூடாது. தாளிக்கிற எண்ணெயைக் கால்வாசியாக்கினால் கடுகு முழுகாது. அதே வாணலியில் கால் பங்கு குழம்பு வைத்தால் அகலம் அப்படியே இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். சின்ன அளவுக்குச் சின்னப் பாத்திரம் வேண்டும்.

இரண்டு புத்தகத்தை ஒப்பிடும்போது அரைக்கும் கருவியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1951-இல் எழுதியவரின் மனதில் இருந்தது அம்மியும் ஆட்டுக்கல்லும். அவர் ‘வெண்ணெய் போல் அரைத்து’ என்று எழுதினால் அதற்கு அர்த்தம் உண்டு. மிக்ஸியில் கொஞ்சமாகப் போட்ட தேங்காய் சுற்றிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், திப்பி திப்பியாக நிற்கும், தண்ணீர் விட்டால்தான் இறங்கும். அதனால் விழுது நீர்த்துப்போகும். பழைய குறிப்பில் சொன்ன தண்ணீரில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சரியாக வரும். இதைப் பிற்காலத்துப் புத்தகங்கள் ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதியிருக்கின்றன.

யாழ்ப்பாணத்துச் சமையல் புத்தகம் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது கொஞ்சம் கடினம். அங்கே பல கறிகளுக்கு அடிப்படையே வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். குறிப்பில் ‘தூள் இரண்டு கரண்டி’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். நம் கடைத் தூளைப் போட்டுவிட்டு யாழ்ப்பாணக் கறி இப்படித்தான் என்று முடிவு கட்டினால் அந்தப் புத்தகத்துக்கு அநியாயம். தூள் வறுத்து வைக்கப் பொறுமை இருந்தால் அந்தப் புத்தகத்தை முதல் வழியில், தனியாக, அதன் போக்கிலேயே சமைப்பதுதான் முறை. சுண்டு என்று அரிசிக்கு அளவு சொல்லியிருப்பார்கள், அதற்கும் மேலே சொன்ன டம்ளர் வைத்தியமே போதும்.

செட்டிநாட்டுப் புத்தகங்களுக்கும் இதே கதைதான். ரேவதி சண்முகம் போன்றவர்கள் வீட்டுக் கைப்பக்குவத்தைப் புத்தகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்த பிறகு, ‘செட்டிநாடு’ என்றாலே காரம் என்று உணவகங்கள் பரப்பிய எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு வெள்ளைப் பணியாரம், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற ஒரு மண்டி, ஒரு கோழிக் குழம்பு என்று அந்த அடுப்பங்கரையிலேயே நாலு நாள் இருந்தால்தான் அங்கே சோம்பு எங்கே வரும், எங்கே வராது என்பது தெரியும்.

மூன்றாவது வழியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கூடையில் பீர்க்கங்காய் இருக்கிறது, இணைப்பில் பீர்க்கங்காய்த் துவையல் இருக்கிறது, அரைத்து முடித்தாயிற்று. வேலைக்குப் போகிற வீட்டில் நடைமுறையில் நடப்பது இதுதான், இதில் ஒரு தப்பும் இல்லை. காய் வீணாகாது, மெனு சலிக்காது. ஆனால் இப்படிப் பத்து வருஷம் சமைத்தாலும் எந்தப் புத்தகம் நம்பகமானது என்று தெரியாது. இன்றைக்கு நன்றாக வந்தால் அது புத்தகத்தின் புண்ணியமா, நம் கையின் புண்ணியமா என்று சொல்ல முடியாது. அந்த ‘30 வகை’ இணைப்புகளிலும் பத்து வகை உண்மையில் நல்லவை. பத்து, எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. மிச்சத்தில் பனீரும் சீஸும் தூவியிருக்கும். எது எந்தப் பத்து என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வழி லாபம்.

ஆக, யாருக்கு எது? இப்போதுதான் அடுப்பங்கரைக்குள் நுழைகிறவர், தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், இவர்களுக்கு முதல் வழிதான். முழுப் புத்தகமும் வேண்டாம், ஓர் அத்தியாயம் போதும். ரசம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம், மில்லிலிட்டர் போட்ட புதிய புத்தகமாக இருக்கட்டும். ஆழாக்குக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆசிரியர் சொன்னதை அப்படியே செய்யுங்கள், பக்கத்து வீட்டு மாமி சொன்னதைக் கலக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு ரசம் வைப்பதற்குள் புளி, உப்பு, பொடி மூன்றும் கைக்குப் பழகிவிடும்.

தினமும் சமைக்கிறவர், கை பழகியவர், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர் இரண்டாவது வழிக்கு வாருங்கள். உங்களுக்குப் புதிய குறிப்புகள் தேவையில்லை, செய்கிற குழம்பையே வேறு கண்ணால் பார்ப்பதுதான் தேவை. மோர்க்குழம்பு முடிந்ததும் அடுத்து இட்லி மாவு நல்ல தேர்வு. இட்லி அரிசிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து என்று ஒரு புத்தகம் சொல்லும், பச்சரிசியில் செய்யும் இன்னொன்று உளுந்தைக் கூட்டும், ஒன்று வெந்தயம் போடும், ஒன்று அவலோ சாதமோ சேர்க்கும். ஒவ்வொன்றும் ஏன் என்று கேட்டுக்கொண்டே அரைத்தால் மாவைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிற நிலைக்கு வந்துவிடலாம். மழைக்காலத்தில் ஒப்பிட்டதை வெயில் காலத்தில் ஒப்பிட்டதோடு சேர்க்காதீர்கள், புளிக்கிற வேகமே வேறு. வத்தக்குழம்பும் நல்லது, ஆனால் மறுநாள் தொட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அது வைத்த அன்றைக்குக் காட்டாத ருசியை அடுத்த நாள் காட்டும்.

எந்த வழியானாலும் ஒரு பென்சில் வேண்டும். புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள், தனி நோட்டு போட்டால் ஒரு மாதத்தில் காணாமல் போகும். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. ‘பழைய புளி 20 கிராம் போதும்’, ‘எங்கள் தயிருக்கு இஞ்சி பாதி’ என்று எழுதுங்கள். புத்தகத்தை அழுக்காக்குவதா என்று தயங்குகிறவர்கள் புத்தகக் காதலர்களாக இருக்கலாம், சமையல் புத்தகம் அவர்களிடம் வந்து சேர்ந்ததற்காக நான் வருத்தப்படுகிறேன்.

கடைசியாக, இரண்டாவது வழியில் தயவுசெய்து மைசூர்பாகை எடுக்காதீர்கள். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்பது பரவலான கணக்கு. நெய்யை மூன்று கப் வரை கொண்டுபோகிற புத்தகமும் உண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று சிக்கனம் பிடிக்கிற புத்தகமும் உண்டு. நாலு புத்தகத்தைச் சோதித்துப் பார்த்தால் நெய்க் கணக்கே மாதச் செலவைச் சாப்பிட்டுவிடும். அதோடு இங்கே வித்தியாசம் குறிப்பில் இல்லை, விநாடியில் இருக்கிறது. பாகு ஒரு கம்பிக்கு, அதாவது சுமார் 105 டிகிரிக்கு வந்ததா, காய்ந்த நெய்யை விடும்போது மாவு நுரைத்துப் பொங்கியதா, நெய் ஓரத்தில் பிரிந்த கணத்தில் தட்டில் கொட்டினோமா என்பதில்தான் எல்லாம். அரை நிமிஷம் தாமதித்தால் செங்கல், அவசரப்பட்டால் அல்வா. இரண்டு புத்தகத்தின் பாகை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு நம் கை தடுமாறிய இரண்டு நாட்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். இதற்கு ஒரே புத்தகம், அதே வாணலி, அதே அளவு, கை வரும் வரை. அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே தட்டில் நெய் தடவிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நேரம் இருக்காது.